எத்தனையாம் தலைமுறை ஐ7 என்று கேளுங்கள்: கணினி கேள்வி பதில்

கேள்வி: மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கிறாள். டெஸ்க்டொப் ஒன்று வேண்டும். மொனிட்டரும் சேர்த்து 90,000 ரூபாவுக்கு மேல் எங்களால் முடியாது. யாழ்ப்பாணத்தில் இரண்டு கடைகளில் கேட்டோம். ஒன்றில் ஐ7-2600, 16 ஜிபி ரேம், கண்ணாடிக் கேஸ், உள்ளே நீல வெளிச்சம் எரிகிறது. மற்றதில் டெல் ஒப்டிபிளெக்ஸ், ஐ5-8500, 8 ஜிபி, பார்க்கப் பழைய வங்கிக் கணினி போலிருக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். மகளுக்கு வெளிச்சம் எரிவதுதான் வேணுமாம்.
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: வங்கிக் கணினியை வாங்குங்கள். வெளிச்சம்தான் வேண்டுமென்றால் எல்இடி பட்டி ஒன்றை வாங்கி மேசைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளட்டும், பெரிய காசு போகாது.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம், கணினியின் மூளையான இன்டெல் புரொசசர்களில், ஒரே காலத்தில் வந்தவற்றுக்குள் எது பெரியது, எது சிறியது என்று காட்டத்தான். காலம் மாறினால் அந்தக் கணக்கு நிற்காது. பெயருக்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள்: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018. ஐந்து இலக்கமாக 12100 என்று இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டாம் தலைமுறை. அந்த ஐ3-12100க்கும் கடைக்காரர் காட்டிய ஐ7-2600க்கும் நான்கு கோர் (வேலை செய்யும் அலகு), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடு) என்று எண்ணிக்கை ஒன்றேதான், ஆனாலும் வேலை என்று வந்தால் அந்தச் சின்ன ஐ3 இந்தப் பெரிய ஐ7ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், கரண்டும் குறைவாகவே இழுக்கும். உங்களுக்குச் சொல்லப்பட்ட ஐ5-8500இலும் ஆறு கோர் இருக்கிறது. கடைக்காரர் "ஐ7 அக்கா, இதுக்கு மேலே என்ன வேணும்" என்று கதையை முடிக்கப் பார்த்தால், எத்தனையாம் தலைமுறை என்று ஒரு கேள்வி போடுங்கள், பேச்சின் தொனியே மாறிவிடும்.

இன்னொரு காரணம் வின்டோஸ். வின்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் முறைப்படி அனுமதிப்பது இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழையவற்றிலும் சுற்றுவழியில் ஏற்றித் தருகிறார்கள், ஓடும்தான், ஆனால் நாளைக்கு ஒரு அப்டேட் வராமல் போனால் யாரிடமும் கேட்க முடியாது.

ஒப்டிபிளெக்ஸ் வாங்கும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. உள்ளே எஸ்எஸ்டி (நகரும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்) இருக்கிறதா, வெறும் ஹாட் டிஸ்க்கா என்று கேளுங்கள். பழைய ஹாட் டிஸ்க்கோடு தந்தால் விலையைக் குறைத்துக்கொண்டு எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓடவிட்டால் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் உழைத்திருக்கிறது, உடல்நலம் எப்படி என்று காட்டிவிடும், அதை ஓடவிட மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம். அப்புறம், இந்த டெல், எச்பி அலுவலகக் கணினிகளில் பவர் சப்ளையின் இணைப்புகள் அவர்களுடைய சொந்த அளவு. சாதாரணக் கடைப் பவர் சப்ளை நேரே பொருந்தாது, எனவே அது பழுதானால் அதே மாதிரிப் பழையதைத் தேடித்தான் போட வேண்டிவரும். எழுத்தில் ஆறு மாத உத்தரவாதமாவது கேட்டு வாங்குங்கள்.

பாடத்துக்கு எது போதும் என்றால், பைதன், தரவுத்தளம், இணையப் பக்கம் எழுதுவது எல்லாமே இலேசான வேலைகள். 8 ஜிபி காணும். அது ஒரே துண்டாக இருந்து பக்கத்து இடம் காலியாக இருந்தால் நல்லது, பிறகு இன்னொன்று போடலாம். ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறிக்கிடக்கிறது, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. அதனால் "பிறகு கூட்டலாம்" என்பது முன்புபோல மலிவான திட்டம் இல்லை. கடைக்காரர் இப்போதே ஒரு நியாயமான தொகைக்கு 16 ஆக்கித் தந்தால் வாங்கிவிடுங்கள், மொனிட்டரில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

கேள்வி: 2014இல் வாங்கிய ஐ5-4570, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹாட் டிஸ்க், வின்டோஸ் 10. கோயில் மலர், அந்தியேட்டிக் கல்வெட்டு என்று தட்டச்சு செய்து கொடுக்கிறேன், எல்லாம் பாமினி எழுத்துருவில். கணினியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வந்தாலும் திறந்திருக்காது. கடைப் பொடியன் "தூக்கிப் போடுங்கோ ஐயா" என்கிறான். உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உரும்பிராய்

பதில்: தூக்கிப் போடாதீர்கள் ஐயா. அடுத்த முறை இழுபடும்போது கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற பட்டியலில் புரொசசர் பத்து, இருபது வீதத்தில் சும்மா இருக்கும், டிஸ்க் நூறு வீதத்தில் நிற்கும். உங்கள் புரொசசர் வேலை செய்யாமல் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான் நோய். ஹாட் டிஸ்க்கில் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுக்க ஊசி நகர வேண்டும், ஒரு தடவைக்குப் பத்து மில்லி செக்கன் அளவில் போகும், வின்டோஸ் திறக்கும்போது அப்படி ஆயிரக்கணக்கான சின்னத் தேடல்கள். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, ஒரு தேடலுக்கு ஒரு மில்லி செக்கனின் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் போகும்.

ஆக, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 256 ஜிபி காணும். எம்.2 என்விஎம்இ வகையை விற்கப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நான்காம் தலைமுறை மதர்போட்கள் பெரும்பாலும் அதிலிருந்து வின்டோஸைத் திறக்காது. கூடவே 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இன்னொன்று, பழையதே போதும். டிடிஆர்4 அந்தத் துளையில் ஏறாது, பலவந்தம் பண்ண வேண்டாம். ஹாட் டிஸ்க்கைக் கழற்றாமல் பழைய கோப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் பன்னிரண்டு வருடம் ஓடிய டிஸ்க்கை நம்பி ஊர்ச் சனத்தின் கல்வெட்டுகளை ஒரே பிரதியில் வைக்காதீர்கள். வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ இரண்டாவது பிரதி இருக்கட்டும். புதிதாக வின்டோஸ் ஏற்றுவதற்கு முன் பாமினி எழுத்துருக் கோப்பையும் மறக்காமல் எடுத்து வையுங்கள், அது இல்லாமல் திறந்தால் உங்கள் மலர் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், பயந்துவிடுவீர்கள்.

வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு, பதிவு செய்தால், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் உண்டு. மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க விட்டால் அதற்குக் காசு இல்லை. அதற்குப் பிறகு வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பழகிப் பார்க்கலாம், பாமினி அதிலும் ஏறும், லிப்ரெ ஒஃபிஸில் அடிக்கலாம். பேஜ்மேக்கர்தான் கை பழகியது என்றால் கஷ்டம், அது லினக்ஸில் நேரே ஓடாது, அப்படியென்றால் அந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றித் தட்டச்சுக்கு மட்டும் வைத்திருங்கள்.

இதற்கு மேல் அதில் ஒரு ரூபாவும் போடாதீர்கள். எஸ்எஸ்டியை அடுத்த கணினிக்குக் கொண்டுபோகலாம், டிடிஆர்3 ரேமும் பழைய புரொசசரும் அதோடேயே போய்விடும்.

கேள்வி: ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஐ5-10400எஃப், டிடிஆர்4 16 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1650. சோனி கமராவில் கல்யாண வீடுகளை 4கேயில், எச்.265, 10 பிட் 4:2:2 இல் எடுக்கிறோம். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் போட்டால் விக்கி விக்கி ஓடுகிறது. ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்ட் போடச் சொல்கிறார்கள். போடவா?
– நெல்லியடி

பதில்: அதற்காக மட்டுமென்றால் போடாதீர்கள் தம்பி. கமரா விவரத்தை எழுதியது நல்லது, முழு விடையும் அந்த 4:2:2 இல்தான், அதாவது நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் முறையில்தான் இருக்கிறது. அந்த வகை வீடியோவை உடைத்துத் திரையில் காட்டும் வேலையை என்விடியா கார்ட்கள் செய்யத் தொடங்கியதே ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலிருந்துதான். 4060 உம் அதைப் புரொசசரின் தலையிலேயே கட்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், இன்டெல் பதினோராம் தலைமுறையிலிருந்து புரொசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அதை இலகுவாகச் செய்யும். உங்களிடம் இருப்பது பத்தாம் தலைமுறை, அதிலும் கடைசியில் எஃப், அதாவது உள் கிராஃபிக்ஸே இல்லாதது.

முதலில் காசில்லாத வழி: பிரீமியரில் ப்ரொக்சி, அதாவது வெட்டுவதற்கு மட்டுமான சின்ன நகல்கள் உருவாக்கி வெட்டுங்கள். இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் சின்னக் கோப்புகள் தயாராக இருக்கும், கடைசியில் வெளியே எடுக்கும்போது அது அசல் கோப்பைத்தான் பாவிக்கும், தரம் குறையாது. சீசன் முடிந்து கையில் காசு வந்தால் ஐ5-12400 போன்ற ஒன்று, எஃப் இல்லாதது, அதற்கு டிடிஆர்4 ஏற்கும் மதர்போட். அந்தத் தலைமுறைக்கு டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகை போட்டும் வந்தன, உங்கள் பழைய ரேம் அப்படியே ஏறும். ரேம் விற்கும் விலைக்கு இது சின்ன விஷயமில்லை. ஜிடிஎக்ஸ் 1650 உம் இருக்கட்டும். பயோஸில் (கணினி திறக்கும்போது போகக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) உள் கிராஃபிக்ஸை இயக்கிவிட மறக்காதீர்கள், கார்ட் இருக்கும்போது சில போட்கள் அதைத் தாமாகவே அணைத்துவிடும்.

டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி வரும். ஒரு கமரா என்றால் ஹாட் டிஸ்க்கே சமாளிக்கும், மூன்று கமராவை ஒன்றாக வைத்து வெட்டும்போதுதான் மூச்சு வாங்கும். வெட்டுவது எஸ்எஸ்டியில், சேமிப்பது ஹாட் டிஸ்க்கில், அதுவும் இரண்டில். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது.

கேள்வி: கனடாவில் இருக்கும் மாமா தன் பழைய டெஸ்க்டொப்பையும் லேசர் பிரின்டரையும் பெட்டியில் போட்டு அனுப்புகிறார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. எரிந்துவிடுமா?
– காரைநகர்

பதில்: பவர் சப்ளை ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 என்று இருந்தால் தானாகவே பொருந்தும், வயரை மட்டும் இங்கே மாற்றினால் சரி. சிலவற்றில் பின்பக்கம் சிவப்புச் சுவிட்ச் ஒன்று, 115 என்று நிற்கும், அதை 230க்குத் தள்ளாமல் போட்டால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடியும். கிராஃபிக்ஸ் கார்ட் பெரிதாக இருந்தால் கழற்றித் தனியாகச் சுற்றி அனுப்பட்டும், கப்பலில் ஆடிய ஆட்டத்தில் மதர்போட் துளையையே உடைத்துக்கொண்டு வந்து சேரும். லேசர் பிரின்டரை அனுப்பவே வேண்டாம். அங்கே விற்பவை அனேகமாக 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை, மாற்றுச் சுவிட்சும் கிடையாது, அதற்கு ஏற்ற பெரிய டிரான்ஸ்ஃபோர்மர் வாங்கும் காசுக்கு இங்கேயே ஒரு பிரின்டரைப் பார்க்கலாம்.

கேள்வி: 650 விஏ யூபிஎஸ் வாங்கி மூன்று வருடம். இப்போது கரண்ட் நின்றால் கணினியும் சேர்ந்து நிற்கிறது. கேஸைத் தொட்டால் இலேசாகக் கரண்ட் அடிக்கிறது வேறு.
– சுன்னாகம்

பதில்: முதலாவதற்குக் காரணம் பற்றரி. உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் ஈய அமிலப் பற்றரி ஒன்றுதான் இருக்கும், நம்மூர் வெக்கைக்கு இரண்டு, மூன்று வருடம் உழைத்ததே பெரிய காரியம். பற்றரியை மட்டும் மாற்றுங்கள், முழு யூபிஎஸ்ஸையும் எறிய வேண்டாம். யூபிஎஸ்ஸில் பிரின்டரைக் கொழுவியிருந்தால் அதையும் கழற்றுங்கள்.

கேஸில் அடிப்பது வேறு சங்கதி. உங்கள் பிளக்கின் எர்த் எங்கேயும் போய்ச் சேரவில்லை. மூன்று ஓட்டை சொக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனை மூடியைக் குத்தி இரண்டு கம்பி பிளக்கைச் சொருகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அப்படியென்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். மூன்று கம்பி பிளக்கைச் சரியாகப் போட்டும் அடிக்கிறதென்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த் கம்பியைச் சோதியுங்கள். ஐப்பசி இடி தொடங்குவதற்கு முன் செய்துவிடுங்கள், இடி முழங்கத் தொடங்குமுன்பே பிளக்கைக் கழற்றுவதோடு ரூட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். பலர் அந்த வயரை மறந்துவிட்டு, "பிளக்கைக் கழற்றித்தானே வைத்தேன், எப்படி எரிந்தது" என்று கடிதம் எழுதுகிறார்கள்.