தினமும் ரீல்ஸ் போடுகிறீர்கள், ராத்திரிதான் பதில் போடுகிறீர்கள்

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் வீட்டில் அம்மாவும் மனைவியும் செய்கிற பலகாரங்களை விற்க இரண்டு வருடத்துக்கு முன் வெப்சைட் தொடங்கினேன். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை எல்லாம் உண்டு. இன்ஸ்டாகிராமில் 11,000 பேர் ஃபாலோ செய்கிறார்கள். தினமும் ஒரு ரீல்ஸ் நானே எடுத்துப் போடுகிறேன். காசு கட்டி அதை நிறையப் பேருக்குக் காட்டுவதற்கு, அதாவது பூஸ்ட் செய்ய, மாதம் 8,000 ரூபாய் செலவாகிறது. ஆனால் வெப்சைட்டில் மாதம் 15 ஆர்டரைத் தாண்டவில்லை. தினமும் பத்துப் பேராவது மெசேஜ் போடுகிறார்கள், சும்மா விலை கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மெசேஜுக்கெல்லாம் என் மனைவி ராத்திரி அடுப்படி வேலை முடிந்ததும் பதில் போட்டுவிடுவாள், அதில் குறை இல்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்று இன்ஸ்டாகிராம் முடிவு செய்கிற அல்காரிதம் மாறிவிட்டது என்கிறார்கள். ஒரு விளம்பர ஏஜென்சி மாதம் 25,000 கேட்கிறது. கொடுக்கலாமா?

— ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்:

கொடுக்க வேண்டாம் தம்பி. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எழுதிய நீங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஊரும் சரக்கும்தான் மாறும். ஒருவர் போர்வை விற்பார், ஒருவர் செக்கு எண்ணெய் விற்பார், இன்னொருவர் வீட்டில் அரைத்த மசாலாப்பொடி விற்பார். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை போஸ்ட், எந்த நேரத்தில், எந்த ஹேஷ்டேக். உங்கள் ஏஜென்சிக் கேள்வியும் அந்த வகைதான். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு, 'அதில் குறை இல்லை' என்று நீங்களே தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். ராத்திரி அடுப்படி வேலை முடிந்ததும் மனைவி பதில் போடுவார் என்கிற வரி. முழுக் குறையும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு பெண் காலை பதினொன்றரை மணிக்கு ஆபீஸில் டீ குடிக்கும்போது உங்கள் ரீல்ஸைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம். 'ரெண்டு கிலோ கைமுறுக்கு சனிக்கிழமைக்குள் வருமா?' என்று கேட்கிறார். உங்கள் வீட்டில் அப்போது எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. மனைவி போனைத் தொட முடியாது. நீங்கள் அடுத்த ரீல்ஸுக்கு வெளிச்சம் சரிசெய்துகொண்டிருக்கிறீர்கள். ராத்திரி பத்தே முக்காலுக்கு, பாத்திரம் கழுவி முடித்த கையோடு, 'வரும் மேடம்' என்று உங்கள் மனைவி பதில் போடுகிறார். அந்தப் பெண் மதியமே வேறு இடத்தில் பணம் கட்டிவிட்டார். இவரைத்தான் நீங்கள் 'சும்மா விலை கேட்டுவிட்டுப் போகிறவர்' என்கிறீர்கள்.

தினம் பத்துப் பேர் என்றால் மாதம் முந்நூறு பேர். முந்நூறு பேர் கேட்கிற இடத்தில் 15 ஆர்டர்தான் வருகிறது என்றால் உங்களுக்குக் குறைவது விளம்பரம் இல்லை. கடை வாசலில் வந்து நின்று கேட்டவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு, தெருமுனையில் நோட்டீஸ் கொடுக்கப் போயிருக்கிறீர்கள். ஏஜென்சி வந்தால் முந்நூறு பேர் ஆயிரம் பேராகலாம். அந்த ஆயிரம் பேருக்கும் ராத்திரி பத்தே முக்காலுக்குப் பதில் எழுதப்போவது யார்?

இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அடுப்படி வேலை என்று நீங்கள் எழுதியதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று விற்பனைக்கான பலகாரம், இன்னொன்று குடும்பத்துக்கான சாப்பாடு. இரண்டும் முடிந்த பிறகு மூன்றாவதாக இந்த மெசேஜ் வேலை. அதை ஒரு வேலையாகக்கூட நீங்கள் எண்ணவில்லை. பூஸ்டுக்கு 8,000 என்று கணக்கு சொல்லத் தெரிகிறது, ஏஜென்சிக்கு 25,000 என்று யோசிக்க முடிகிறது. அம்மாவுக்கும் மனைவிக்கும் மாதம் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கத்தில் உங்களிடம் இருக்கும். அது யார் பெயரில் இருக்கிறது? பணம் வந்து விழுகிற கணக்கு யாருடையது? இரண்டுக்கும் விடை உங்கள் பெயர் மட்டும்தான் என்றால், முதலில் அதை மாற்றுங்கள். பலகாரம் சுடுகிற கைக்கு அந்தத் தொழிலில் பங்கு இருக்க வேண்டும். வீட்டுப் பெண்களின் நேரத்துக்கு விலை கிடையாது என்று வைத்துக்கொண்டு நடக்கிற தொழிலை நான் குடும்பத் தொழில் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

நாளையிலிருந்து பகல் நேர மெசேஜ் உங்கள் பொறுப்பு. ரீல்ஸுக்குச் செலவழிக்கிற நேரம் இதற்குப் போதும். 'எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாதே, அவளுக்குத்தான் தெரியும்' என்பீர்கள். அதனால்தான் ஒரு மதியம் இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். போன மாதம் வந்த மெசேஜ் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒரு தாளில் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். என்ன வரும் என்று என்னாலேயே ஓரளவு சொல்ல முடியும். எந்த எண்ணெயில் சுடுகிறீர்கள்? அதிரசம் வெல்லமா, சர்க்கரையா? எத்தனை நாள் தாங்கும்? பெங்களூருக்குக் கொரியர் எவ்வளவு? கைமுறுக்கு உடையாமல் வந்து சேருமா? கால் கிலோ கிடைக்குமா? சிங்கப்பூர் கிளம்புகிற பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப டப்பாவில் அடைத்துத் தருவீர்களா?

இதில் ஒன்றுகூட வெட்டிக் கேள்வி இல்லை. வாங்கலாம் என்று மனசு வந்தவர்தான் முறுக்கு உடையுமா என்று கேட்பார். அவர் மெசேஜில் வந்து கேட்கிறார் என்றால், உங்கள் வெப்சைட் அதைச் சொல்லவில்லை என்று அர்த்தம். இந்தக் கேள்விகளுக்கு உங்கள் மனைவியும் அம்மாவும் சொல்கிற பதிலை அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதி, ஒவ்வொரு பலகாரத்தின் பக்கத்திலும் போடுங்கள். 'பாரம்பரியச் சுவை', 'கைமணம்' எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பலகாரம் விற்கிற எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். 'கடலை எண்ணெய், வெல்லம், இத்தனை நாள் தாங்கும்' என்பதைத்தான் வாங்குபவர் தேடுகிறார். கொரியர் கட்டணத்தைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்து வைக்காதீர்கள். 300 ரூபாய்ப் பலகாரத்துக்குப் பணம் கட்டப்போகும் நேரத்தில் திடீரென்று 120 ரூபாய் கூடினால், யாராக இருந்தாலும் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். எந்தப் பக்கத்தோடு ஆட்கள் திரும்பிப் போகிறார்கள் என்பதை கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசமாகவே காட்டும். ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்கிற நேரத்தில் அதைப் பாருங்கள்.

அதே பதில்களை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 'குவிக் ரிப்ளை' என்று சேமித்து வையுங்கள். ஐம்பது வரை வைத்துக்கொள்ளலாம். சாய்கோடு போட்டு நீங்கள் வைத்த சுருக்கெழுத்தைத் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். விலையும் படமும் கேட்பவருக்கு அதிலேயே கேட்டலாக் இருக்கிறது, ஒவ்வொரு பலகாரத்துக்கும் வெப்சைட் லிங்க்கைச் சேர்த்துவிடலாம். ஆர்டர் கொடுத்தவர், பணம் பாக்கி, அனுப்பியாகிவிட்டது என்று லேபிள் ஒட்டலாம். ஒரே எண்ணை முதன்மைப் போன் தவிர இன்னும் நான்கு கருவிகளில் இணைக்க முடியும். ஆகவே போன் மனைவியிடம் இருக்கிறது என்று நீங்கள் தப்பிக்க வழியில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் 'காலையில் பதில் சொல்கிறோம்' என்று தானாகப் போகிற அவே மெசேஜை வைத்துவிட்டு எல்லாரும் தூங்கப் போங்கள். அந்த ஒரு வரி கண்ணில் பட்டால் கேட்டவர் காலைவரை பொறுப்பார்.

இன்ஸ்டாகிராமில் இன்னொரு இடம் இருக்கிறது. நீங்கள் ஃபாலோ செய்யாதவர்கள் அனுப்புவது பெரும்பாலும் 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற தனி அறையில் போய் விழும். அதை எப்போது கடைசியாகத் திறந்தீர்கள்? இதைப் படித்ததும் திறந்து பாருங்கள்.

பூஸ்டை உடனே நிறுத்துங்கள். அந்த நீலப் பொத்தானை அமுக்கும்போது என்ன வேண்டும் என்று அது கேட்கிறது: ப்ரொஃபைலைப் பார்க்க ஆள் வேண்டுமா, வெப்சைட்டுக்கு ஆள் வேண்டுமா, மெசேஜ் வேண்டுமா. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் ப்ரொஃபைலைப் பார்க்கிற ஆட்களைத்தான் அது கூட்டி வரும், வாங்குகிறவரைத் தேடித் தராது. உங்களிடம் 11,000 பேர் சேர்ந்தும் ஆர்டர் சேராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பத் தொடங்குவதானால், நீங்கள் பார்சல் அனுப்புகிற நான்கைந்து நகரங்களை மட்டும் குறித்து, வெப்சைட்டுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிச் செய்யுங்கள். கேப்ஷனில் லிங்க் எழுதினால் தட்ட முடியாது. ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் ஒட்டலாம், பயோவில் லிங்க் வைக்கலாம். பயோ லிங்க் முகப்புப் பக்கத்துக்குப் போகாமல் நேராக ஆர்டர் பக்கத்துக்குப் போகட்டும்.

ரீல்ஸ் வாரத்துக்கு இரண்டு போதும். எதைப் பற்றி எடுப்பது என்பதையும் மேலே சொன்ன கேள்வித் தாளிலிருந்தே எடுங்கள். முறுக்கை எப்படி உடையாமல் அடுக்குகிறீர்கள் என்பது ஒரு ரீல்ஸ். எத்தனை நாள் தாங்கும் என்பதை டப்பாவைத் திறந்து காட்டுவது இன்னொன்று. அம்மாவும் மனைவியும் திரையில் வருவதானால் அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். வியர்த்து வடிகிற நேரத்தில் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டினால் அவர்கள் சிரித்துவைப்பார்கள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லையே. மாதம் 15 என்றாலும் இரண்டு வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் ஆர்டர். அவர்களின் பெயர், எண், என்ன வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் இருக்கிறதா? பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாள் 'உடையாமல் வந்ததா?' என்று கேளுங்கள். நன்றாக இருந்தது என்று சொல்பவரிடம் கூகுளில் இரண்டு வரி எழுதச் சொல்லி லிங்க் அனுப்புங்கள். கூகுளில் தொழிலைப் பதிவு செய்வதற்குக் காசு கிடையாது. காரைக்குடிக்குக் கல்யாணத்துக்கு வருகிறவர் போனில் 'பலகாரம்' என்று தேடும்போது கண்ணில் படுவது அந்தப் பதிவுதான். வாங்கியவர்களிடம் உங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளவும் சொல்லுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். வேண்டாம் என்றவரை உடனே எடுத்துவிடுங்கள். தினமும் காலை வணக்கம் அனுப்பாதீர்கள்.

வெப்சைட்டை மூடிவிட்டு இன்ஸ்டாவிலேயே விற்கலாமா என்று பலர் கேட்கிறார்கள், நீங்களும் யோசித்திருப்பீர்கள். வேண்டாம். 2020 ஜூன் 29-ல் டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதில் மட்டுமே ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு வாடிக்கையாளரைத் திரும்பக் கூப்பிட ஒரு போன் எண்கூட மிஞ்சவில்லை. 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஒன்றாக மணிக்கணக்கில் நின்றுபோயின. வெப்சைட்டும் வாடிக்கையாளர் நோட்டும் உங்கள் சொந்தம். அந்த வெப்சைட்டில் முகவரி, பணம் திருப்பித் தரும் விதி, புகாருக்கான எண் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். இணைய வணிகத்துக்கான 2020 நுகர்வோர் விதிகளும் இவற்றைக் கேட்கின்றன.

அப்புறம், அந்த 25,000. அவ்வளவு கையில் இருந்தால் அதில் பாதிக்கும் குறைவாகவே போதும், அடுப்படிக்கு உதவியாக உங்கள் ஊரிலேயே ஒருவரை வேலைக்கு வைக்கலாம். பாத்திரம் கழுவவும் மாவு சலிக்கவும் பாக்கெட் ஒட்டவும் ஒரு ஆள் வந்தால் உங்கள் மனைவிக்குச் சாயங்காலம் மிச்சமாகும். அந்தச் சாயங்காலத்தை அவர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் திட்டம் போடாதீர்கள். பூஸ்டில் மிச்சமாகும் 8,000-ஐ அம்மாவுக்கும் மனைவிக்கும் பிரித்து, அவரவர் கணக்கில் மாதம் பிறந்ததும் போடுங்கள்.

தீபாவளிதான் உங்களுக்குப் பெரிய சீசன். அதற்கு ஒரு மாதம் முன்பே இருவரிடமும் கேளுங்கள்: இந்த வருடம் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் எத்தனை கிலோ செய்ய முடியும்? அவர்கள் சொல்கிற எண்ணிக்கைதான் முடிவு. கொரியருக்குப் பத்து நாள் விட்டு, ஆர்டர் கொடுக்கக் கடைசித் தேதியை வெப்சைட்டின் தலையிலேயே போடுங்கள். அந்த எண்ணிக்கை தேதிக்கு முன்பே நிரம்பிவிட்டால் அன்றைக்கே 'இந்த வருட ஆர்டர் முடிந்தது' என்று எழுதிவிடுங்கள். இன்னும் பத்து கிலோதானே, சேர்த்துச் சுட்டுவிடலாம் என்று அடுப்படிக்குள் போய் நிற்காதீர்கள்.