பெரியப்பாவுக்குப் புரியவைக்கும் வேலையை விட்டுவிடுங்கள்

"என் கணவரின் அண்ணனுக்கு எப்படிப் புரியவைப்பது? என்ன சொன்னால் ஏற்றுக்கொள்வார்?" என்று கேட்டு ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். மருத்துவ நுழைவுத்தேர்வில், கட்டணம் குறைந்த கல்லூரிக்குத் தேவையான மதிப்பெண் வரவில்லை. வீட்டை அடமானம் வைத்தாவது தனியார் கல்லூரியில் மருத்துவம் சேர்த்துவிட வேண்டும் என்பது பெரியப்பாவின் பிடிவாதம். மகளுக்கோ மருத்துவத்தில் நாட்டமே இல்லை.

கவலைப்படாதீர்கள், பெரியவர்தானே, நாளடைவில் சமாதானமாகிவிடுவார் என்று எழுதலாம். அம்மா, அது உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது. மூன்று மாதமாக நடந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டணக் கணக்கைக் காட்டினீர்கள், "படிப்புக்குப் பணம் பார்க்கலாமா?" என்றார். மகளுக்கு விருப்பமில்லை என்றீர்கள், "பதினேழு வயதில் அவளுக்கு என்ன தெரியும்?" என்றார். ஒரு மருத்துவரையே அழைத்துவந்து பேச வைத்தீர்கள். "அவர் மட்டும் தன் பிள்ளையை மருத்துவம் படிக்க வைத்திருக்கிறாரே" என்றார். ஒவ்வொரு முறையும் காரணம் மாறியிருக்கிறது, முடிவு அப்படியே நிற்கிறது. ஒரு காரணத்தை நீங்கள் உடைத்த மறுநிமிடம் இன்னொன்று முளைக்கிறது என்றால், அந்தக் காரணங்களால் அவர் அந்த முடிவுக்கு வரவில்லை. நான்காவது காரணத்தையும் உடைப்பதால் எதுவும் மாறப்போவதில்லை.

இது அவர் ஒருவரின் குணம் என்று நினைக்க வேண்டாம். 1979-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் எதிர்க்கும் மாணவர்களுக்கும் ஒரே ஆய்வறிக்கைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனையால் குற்றம் குறையும் என்றது, மற்றொன்று குறையாது என்றது. இரு தரப்பினரும் தமக்குச் சாதகமானதை நம்பகமானது என்றும் பாதகமானதைக் குறையுள்ளது என்றும் ஒதுக்கினார்கள். படித்து முடித்தபோது தத்தம் கருத்தில் முன்பைவிட உறுதியாக இருப்பதாகவே சொன்னார்கள். கூடுதல் ஆதாரம் காட்டினால் மனம் மாறும் என்ற நம்பிக்கையில்தான் நீங்கள் இரவில் உட்கார்ந்து கட்டணப் பட்டியல்களைச் சேகரிக்கிறீர்கள். அந்த உழைப்பு அவர் பிடியை இறுக்கவும் செய்யலாம்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "எந்தத் தகவல் தெரியவந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" அவர் ஏதாவது ஒன்றைச் சொன்னால், அதைத் தேடிக் கொண்டுவந்து கொடுங்கள், பேசுவதற்கு இடமிருக்கிறது. "எதுவுமே வேண்டாம், எனக்குத் தெரியும்" என்றால் அன்றோடு வாதத்தை நிறுத்துங்கள். அதற்குப் பின் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம், அதையும் நீங்கள் சொல்லாமல் உங்கள் கணவர் சொல்வது நல்லது: "அண்ணா, உங்கள் அக்கறை எங்களுக்குத் தெரியும், முடிவெடுத்துவிட்டுச் சொல்கிறோம்." காரணம் சொல்ல வேண்டாம். சொன்னால் மறுபடியும் வாதம் தொடங்கும். அவர் கோபித்துக்கொண்டு சில நாள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும்.

முடிவில் பங்கு யாருக்கு என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படிக்கப்போகிறவள், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள், இவர்களுக்கு மட்டும்தான். பெரியப்பா கையெழுத்துப் போடப்போவதில்லை. குடியிருக்கும் வீட்டை அடமானம் வைப்பதை, மகளே மருத்துவம் கேட்டிருந்தாலும் தடுத்திருப்பேன். பிடிக்காத படிப்பை இரண்டாம் ஆண்டில் அவள் விட்டுவிட்டால் வங்கி தவணையை நிறுத்தாது. கடனுக்கு ஒரே அளவுகோல்தான்: படித்து முடித்தவரின் தொடக்கச் சம்பளத்திலிருந்தே தவணையைக் கட்ட முடிய வேண்டும். உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொட்டுத்தான் கட்ட முடியும் என்றால் அந்தக் கல்லூரி உங்களுக்கு இல்லை.

பேசிப் புரியவைப்பதே வீண் என்று சொல்லவில்லை. "வேறு எதைப் படித்தால் நிலையான வேலை கிடைக்கும்?" என்று உங்கள் கணவர் கேட்டதாகக் கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு உண்மையிலேயே பதில் தெரிய வேண்டியிருக்கிறது. அண்ணனிடம் செலவழித்த மாலைப் பொழுதுகளில் பாதியை அவருக்குக் கொடுங்கள்.

அவருக்கான பதில் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சை இழந்த தாத்தாவுக்காக மகள் ஒரு நோட்டில் படங்கள் ஒட்டி வைத்திருக்கிறாள். தண்ணீர், கண்ணாடி, வலி, ஜன்னல் என்று அவர் விரலால் தொட்டுக் காட்டுகிறார். அவர் குழம்பிப்போவதைப் பார்த்து, ஒரு பக்கத்தில் நான்கு படங்களுக்கு மேல் வைக்காமல் அவளே மாற்றியமைத்தாள். இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த நான்கு பக்கக் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி அதுதான். இந்த வேலையைப் படித்துத் தேர்ந்து, சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சு மற்றும் செவித்திறன் சிகிச்சை என்று அந்தப் படிப்புக்குப் பெயர். பொறியியல், வணிகவியல், சட்டம் பற்றியெல்லாம் சொல்ல உங்களைச் சுற்றி ஆள் ஏராளம். ஆகவே இதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

செவித்திறன் பக்கம் முதலில். ஒலி புகாத அறையில் நோயாளியின் காதில் ஹெட்போனை மாட்டி, தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை, அதாவது 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். கேட்டால் அவர் பொத்தானை அழுத்துவார். கேட்டதும் ஒலியின் உரப்பைப் பத்து டெசிபல் குறைப்பது, கேட்காதபோது ஐந்து கூட்டுவது, இப்படி ஏறி இறங்கி அவருக்குக் கேட்கும் மிக மெல்லிய அளவைப் பிடிப்பது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று வரைபடத்தில் குறித்ததும் பழுது எந்தப் பகுதியில் என்பது தெரியத் தொடங்கும். பிறந்து இரண்டு நாளான குழந்தை பொத்தானை அழுத்தாதே? ஆரோக்கியமான உட்செவி, ஒலியைப் பெறும்போது தானும் மிக மெல்லிய ஒலி ஒன்றை வெளியிடுகிறது. டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி 1978-இல் இதை அளந்து வெளியிட்டார். இன்று தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்து அந்த ஒலி வருகிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது இத்துறையில் பரவலாக உள்ள நெறி. தாமதமானால் மொழி கற்கும் பருவம் கைநழுவும். செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்கவைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியை அறுவை மருத்துவர் பொருத்துவார். அதன் ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று அளந்து அமைப்பதும், புதிதாக ஒலி கேட்கும் குழந்தைக்குக் கேட்கப் பழக்குவதும் இந்தப் படிப்பை முடித்தவர்களின் வேலை.

பேச்சுப் பக்கம் இன்னும் விரிந்தது. பக்கவாதத்துக்குப் பின், சாவியைக் கையில் வைத்திருந்தும் 'சாவி' என்ற சொல் வராமல் தவிப்பவருக்குச் சொல்லை மீட்டுத் தருவது. திக்குவாய்ச் சிறுவனுடன் வேலை செய்வது. குரல்வளை அகற்றப்பட்டவருக்கு மாற்று வழியில் பேசக் கற்றுத்தருவது. நோயாளி பாதுகாப்பாக விழுங்குகிறாரா, உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று கண்டறிவதும் இவர்களின் பொறுப்பே. இது பலருக்குத் தெரியாது.

பாடங்களில் உடற்கூறியல், நரம்பியல், ஒலி இயற்பியல், பேச்சொலியியல், உளவியல் எல்லாம் உண்டு. உயிரியலில் நாட்டமும் மொழியில் காதும் உள்ள பிள்ளைக்கு இப்படியொரு கலவை வேறெங்கும் எளிதில் கிடைக்காது. உங்கள் கணவரிடம் சொல்ல ஒரு தகவல்: உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 43 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் செவித்திறன் மறுவாழ்வுச் சிகிச்சை தேவை; 2050-க்குள் ஏறத்தாழ 250 கோடிப் பேருக்கு ஏதோவொரு அளவில் கேள்திறன் குறைந்திருக்கும்.

குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவருக்குக் கிடைக்கும் மரியாதையோ வருமானமோ தொடக்கத்தில் இதில் கிடைக்காது. மருந்து எழுத முடியாது. முன்னேற்றம் மாதக்கணக்கில்தான் தெரியும். சிலருக்குத் தெரியாமலும் போகும். படிப்புக்காலம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர் ஆக ஆஸ்திரேலியாவில் முதுகலை வேண்டும், அமெரிக்காவில் முனைவர் நிலைப் பட்டமே வேண்டும். எந்த நாட்டில் வேலை செய்ய நினைக்கிறாளோ அங்கே பட்டம் செல்லுமா, மேற்பார்வையில் செய்ய வேண்டிய பயிற்சி நேரம் எவ்வளவு, எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

அதற்கு முன், பேச்சு சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றில் அனுமதி பெற்று இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து பார்க்க மகளை அனுப்புங்கள். துணைக்கு யாரும் போக வேண்டாம். வீடு திரும்பியதும் "பிடித்ததா, பிடித்ததா" என்று துளைக்கவும் வேண்டாம். பார்த்த பிறகு இதுவும் வேண்டாம் என்று அவள் சொன்னால், நான் இவ்வளவு எழுதியிருக்கிறேனே என்பதற்காக அவளை வற்புறுத்தாதீர்கள். மீண்டும் எழுதுங்கள், வேறொன்றைப் பார்ப்போம். விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் நெருங்குகிறது. அனுமதி கேட்கும் கடிதம் இந்த வாரமே போகட்டும், அதை அவளே எழுதட்டும்.