வெயில் கடுமையான ஊரில் வீட்டுக் கூரைக்கு ஃபைபர் கிளாஸ் பஞ்சு பதிப்பதால் பயன் உண்டா?

ஃபைபர் கிளாஸ் பஞ்சு குளிர்நாடுகளுக்கான பொருள், வெப்பமான பகுதியில் அதைப் பதித்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இந்த வேலை நடந்த காலத்தில், வந்தவர் போனவர் எல்லாரும் என்னிடம் இதையேதான் சொன்னார்கள். நான் கட்டடப் பொறியாளர் அல்லன். ஷீட் கூரையின் கீழ் பல கோடைகளைக் கழித்து, பிறகு அந்தக் கூரைக்குப் பஞ்சு பதிக்கும் வேலையை அருகில் நின்று செய்வித்தவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் மேல்மாடிக்கு ஷீட் கூரையும் அதன் கீழே ஃபால்ஸ் சீலிங்கும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன்.

பயன் நிச்சயமாக உண்டு. அந்தப் பஞ்சுக்கு வெயில், குளிர் என்ற வேறுபாடே கிடையாது. மெல்லிய கண்ணாடி இழைகளுக்கிடையே காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எந்தப் பக்கம் சூடாக இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செல்லும் வெப்பத்தை அது மட்டுப்படுத்துகிறது. குளிர்நாட்டில் வெளியே 0 டிகிரியும் உள்ளே 20 டிகிரியும் இருந்தால் வேறுபாடு 20 டிகிரிதான். உச்சி வெயிலில் ஷீட் கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையிலுள்ள வெளி 55 டிகிரியை எட்டி, கீழே அறை 30 டிகிரியில் இருந்தால், வேறுபாடு 25 டிகிரி. அப்படியிருக்க, இந்தப் பொருள் அவர்களுக்குத் தேவை, நமக்குத் தேவையில்லை என்பது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

அதே கணக்கைச் சற்று நீட்டினால், எவ்வளவு கனம் வேண்டும் என்பதும் விளங்கும். 100 மில்லிமீட்டர் கனமுள்ள பஞ்சை ஒழுங்காக விரித்தால், அந்த 25 டிகிரி வேறுபாட்டில் ஒரு சதுர மீட்டர் வழியாக இறங்கும் வெப்பம் சுமார் 10 வாட் அளவில் நின்றுவிடும். ஃபால்ஸ் சீலிங்கின் வெறும் ஜிப்சம் போர்டு மட்டும் இருந்தால் அது பல மடங்கு. கனத்தை 200 மில்லிமீட்டராக உயர்த்தினால் 10 வாட் 5 வாட் ஆகும். முதல் 100 மில்லிமீட்டர் தடுத்த வெப்பத்தோடு ஒப்பிட்டால் இந்த இரண்டாவது 100 தடுப்பது மிகக் குறைவு. கனத்தைக் கூட்டிக்கொண்டே போவதை விட, இருப்பதைச் சரியாகப் பதிப்பதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

எங்கள் வீட்டில் தகராறு எழுந்ததும் இந்த இடத்தில்தான். பஞ்சு பதிக்க வந்தவர்கள் நடுப்பகுதியை வேகமாக விரித்துவிட்டு, கூரை சரிந்து இறங்கும் ஓரங்களில் இடம் போதாததால் 100 மில்லிமீட்டர் பஞ்சை அதில் பாதி இடைவெளிக்குள் கையால் அமுக்கித் திணித்தார்கள். அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிடும். ஒரே கனத்துக்கு ஒப்பிட்டால் இறுகிய பஞ்சு சற்றுக் கூடுதலாகத் தடுத்தாலும், கனமே பாதியாகிவிடுவதால் மொத்தத் தடுப்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடும். ஓரங்களுக்கு மெல்லிய பஞ்சை வாங்கி வந்து விரிக்க வேண்டும் என்று கேட்டேன். கம்பிச் சட்டங்களை ஒட்டி விரற்கடை அகலத்துக்கு விடப்பட்டிருந்த இடைவெளிகளையும் காட்டி மூடச் சொன்னேன். மேலே மறையப்போகும் வேலைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று அவர்கள் சலித்துக்கொண்டார்கள். போர்டு போட்டு மூடியபின் திறந்து பார்க்க முடியாத வேலை என்பதால்தான் மூடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன்.

அதைவிடப் பெரிய வாக்குவாதம், பஞ்சின் ஒரு பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அலுமினியத் தாள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் வந்தது. அந்தத் தாள் நீராவியை ஊடுருவ விடாது. குளிர்நாட்டில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே செல்லப் பார்க்கும், ஆகவே அங்கே தாள் அறையை நோக்கி இருக்கும். காற்றில் ஈரம் மிகுந்த வெப்பப் பகுதியில் ஏ.சி. ஓடும் அறைக்கு இது நேர்மாறு. 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று சுமார் 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும். 24 டிகிரியில் வைத்திருக்கும் அறையின் ஃபால்ஸ் சீலிங்கை ஒட்டிக் கிடக்கும் தாளில் அந்தக் காற்று வந்து பட்டால் என்ன நடக்கும் என்பதை என் உறவினர் வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் அமர்த்திய ஒப்பந்தக்காரர் தாளைக் கீழ்நோக்கி வைத்துப் பதித்திருந்தார். போர்டில் கருந்திட்டுகள் தோன்றி, ஒரு பலகையைக் கழற்றியபோது, தாளின் மேற்பரப்பில் நீர்த்துளிகள் வரிசையாகக் கோத்து நின்றன. அதன்மேல் கிடந்த பஞ்சு பிழிந்தால் நீர் விடும் அளவுக்கு ஊறியிருந்தது. நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது, பூஞ்சைக்குத்தான் இடம் கொடுக்கும். பழி மட்டும் பஞ்சின் மேல் விழுந்தது, பதித்தவர் மீது யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தாளை மேல்நோக்கியே வைக்கச் செய்தேன்.

வேலை முடிந்தபின், பிற்பகலில் அண்ணாந்து பார்த்தாலே முகத்தில் அடித்த அனல் நின்றுவிட்டது. முன்பு ஓயாமல் ஓடிய ஏ.சி. இப்போது அறை குளிர்ந்ததும் இடையிடையே நிற்கிறது. ஆனால் அதற்கு முன் எங்களுக்கு ஏ.சி. விற்க வந்தவர்களில் ஒருவர்கூடக் கூரையைப் பற்றிக் கேட்டதில்லை. ஒரு டன் போதாது, ஒன்றரை டன் போடுங்கள் என்பது மட்டுமே அவர்கள் தந்த அறிவுரை. மேலிருந்து இறங்கும் வெப்பத்தைத் தடுக்காமல், அதை விரட்டப் பெரிய இயந்திரம் வாங்கச் சொல்வது நியாயமே இல்லை என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இந்தப் பஞ்சு புற்றுநோயை உண்டாக்கும் என்று கருத்து எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இல் இதை ஐயத்துக்குரிய பிரிவில் வைத்தது உண்மை. அதே முகமை 2001-இல் மறுஆய்வு செய்து, வெப்பத் தடுப்புக்கான கண்ணாடிப் பஞ்சை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என வகைப்படுத்த இயலாதவற்றின் பிரிவுக்கு மாற்றியது. அதற்காக அலட்சியமாகக் கையாளலாம் என்று நான் சொல்லவில்லை. இழைகள் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லாமல் யாரையும் அந்த வேலையில் இறக்காதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று சொல்பவர்கள், இரவில் வீடு ஆறாது என்று வைக்கும் குற்றச்சாட்டில் மட்டும் ஓரளவு உண்மை இருக்கிறது. கூரை வழியே சூடு வெளியேறுவதும் குறையும் என்பதால், ஏ.சி. இல்லாத வீட்டில் மாலைக்குப் பிறகு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருவது அவசியம்.

நான் எடுத்துக்கொண்டதற்கு மாறாக, உங்களுடையது ஃபால்ஸ் சீலிங் இல்லாத வெறும் கான்கிரீட் தளம் என்றால், மேலே மொட்டை மாடியில் இந்தப் பஞ்சைப் போடாதீர்கள், ஒரு மழைக்கே ஊறிவிடும். அங்கே நீர் புகாத நுரைப் பலகைகளும், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சும்தான் பொருந்தும். ஷீட் கூரைதான் என்றால், போர்டு மூடுவதற்கு முன் மின்பணியாளர் ஒருவரையும் அழைத்துக் காட்டுங்கள். பஞ்சுக்குள் புதைந்த ஒயர் தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் தவிக்கும், ஆகவே கனமான மின்சாரம் செல்லும் ஒயர்களைப் பஞ்சுக்கு மேலே கொண்டு செல்ல வேண்டும். சீலிங்கில் பதிக்கும் விளக்குகள், பஞ்சு மூடினாலும் தாங்கும் வகையைச் சேர்ந்தவையாக இல்லாவிட்டால், அவற்றைச் சுற்றிலும் குறைந்தது 75 மில்லிமீட்டர் இடம் விட்டே பஞ்சை வெட்டச் சொல்லுங்கள்.