கேள்வி நேரம்: சூளைச் சுவருக்கு சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: எங்கள் டவுனுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்து ஓரம், நீள்வட்டமாக ஒரு பழைய செங்கல் சூளை நிற்கிறது. மேல்தளத்தில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். எதற்கு?
- வாசகி, பேராக்

பதில்: ஹாஃப்மன் சூளையாக இருக்கலாம். ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் ஹாஃப்மன் 1858-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஓட்டை வழியாக நிலக்கரி போடுவார்கள். தீ அணையாமல் அறைக்கு அறை நகரும். வெந்த கல்லின் சூட்டை வாங்கிக்கொண்டு காற்று தீக்குப் போகும். அங்கிருந்து கிளம்பும் புகை முன்னால் அடுக்கிய, இன்னும் சுடாத பச்சைக்கல்லைக் காய வைத்துவிட்டுத்தான் புகைபோக்கிக்குப் போகும். எரிபொருள் மிச்சமாவது இப்படித்தான். ஓட்டைகளை அடைக்க வேண்டாம், மழை இறங்காமல் மூடி போட்டால் போதும்.

கேள்வி: அதே சூளையில் கல் இடுக்குகள் உதிர்கின்றன, அரசங்கன்றும் முளைத்திருக்கிறது. இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் சிமெண்ட் பூசலாம் என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து தடுத்துவிடுங்கள். சிமெண்ட் கெட்டி, பழைய கல் மென்மை. சுவருக்குள் ஏறிய ஈரம் இடுக்கு வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வரும். அதோடு வரும் உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து, முகத்தைத் தோல் தோலாக உரித்துவிடும். சில வருடத்தில் சிமெண்ட் மட்டும் எலும்புக்கூடு மாதிரி துருத்தி நிற்கும்.

சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புச் சாந்து போடுங்கள்: நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, செங்கல் தூள் 1, கழுவிய ஆற்றுமணல் 2. கடல்மணல் ஆகாது. சுண்ணாம்பை முந்தின நாளே தண்ணீரில் ஊற வையுங்கள். தோட்டத்தில் மண்ணுக்குப் போடும் வெள்ளைத் தூளைக் கொண்டுவந்துவிடாதீர்கள்! அது சுடாத சுண்ணாம்புக்கல், இறுகவே இறுகாது. சந்தேகமென்றால் வினிகர் விடுங்கள்: பொங்கி நுரைத்தால் அது அந்தத் தோட்டத்துத் தூள்தான்.

உதிர்ந்த சாந்தை உளியால் எடுங்கள், கிரைண்டர் மெஷின் செங்கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். இடுக்கு அகலத்தைப்போல இரு மடங்கு ஆழம் வேண்டும். சுவரை நனைத்து, சாந்தை அழுத்தி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் காக்க வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் பொடியாகிவிடும். அடைமழையில் வேலையே வேண்டாம்.

அரசங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் கூட வரும். சுவரோடு வெட்டி, வெட்டுவாயில் உடனே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடவுங்கள். வேர் செத்துக் காய்ந்தபின், தானாகக் கழலுவதை மட்டும் எடுத்து, பொந்தில் தண்ணீராகக் கரைத்த சுண்ணாம்புச் சாந்தை ஊற்றுங்கள்.

கேள்வி: அரசாங்கப் பாதுகாப்பு கிடைக்குமா?

பதில்: மலேசியாவின் 2005 தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் கீழ் ஜபாத்தான் வாரிசான் நெகாராவுக்கு (தேசியப் பாரம்பரியத் துறைக்கு) எழுதலாம். மாநில அரசின் சம்மதமும் வேண்டும். நில உரிமையாளரிடம் முதலில் பேசுங்கள். உளி படுவதற்கு முன், அளவுகோலை ஓரத்தில் வைத்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துவிடுங்கள்.