போண்டா போர்டுல எழுத்தோட வயிறு கழண்டு விழுமா?

பெங்களூரு அல்சூர்ல டிபன் கடை போடப்போற ஒருத்தர் கேட்டிருக்காங்க: கடை பேரு போண்டா. இங்கிலீஷ்ல எழுத, உருண்டை உருண்டையா நடுநடுவுல வெட்டு விட்ட ஸ்டென்சில் ஃபான்ட் ஒண்ணு நெட்ல எடுத்திருக்கேன், இரும்பு ஷீட்ல லேசர் கட்டிங் பண்ணி பின்னாடி லைட். ஆனா போர்டு கடைக்காரர் எழுத்துக்கு உள்ள இருக்கறது கழண்டு விழும், எழுத்துக்கு இவ்ளோன்னு தனி சார்ஜ் ஆகும்ங்கறார், குடுக்கலாமா?

குடுக்காதீங்க. போண்டாவை இங்கிலீஷ்ல (BONDA) எழுதினா N தவிர மத்த நாலு எழுத்துக்கும் வயித்துல ஓட்டை இருக்கு, சாதா ஃபான்ட்ல வெட்டினா அந்த நாலு எழுத்தோட வயிறும் தரையில கிடக்கும். அதை விழாம பிடிச்சிக்கத்தான் ஃபான்ட்ல அந்த வெட்டு, அந்த இடத்துல இரும்பு அறுபடாம நிக்கும், அதுதான் பாலம். உங்க ஃபான்ட்லயே அது இருக்கே, அப்புறம் எதுக்கு தனி சார்ஜ்? பெரும்பாலும் என்ன ஆகும்னா அவர் கம்ப்யூட்டர்ல உங்க ஃபான்ட் இருக்காது, ஃபைலை திறந்ததும் கோரல்டிராங்கற டிசைன் சாஃப்ட்வேர் வேற ஏதோ ஃபான்ட்டை மாத்தி வச்சிடும், அதைப் பார்த்துட்டு விழும்ங்கறார். எழுத்தை கர்வ்ஸா, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமா, மாத்தி அனுப்புங்க. எனக்கே சிக்பேட்டை பக்கம் ஒரு கடையில இப்படி ஆகி, அவங்க பாலம்னு சொல்லி குறுக்க ஒரு கட்டம் போட்டு வெட்டிக் குடுத்தாங்க, ஜெயில் கம்பி மாதிரி இருந்துச்சு. பாலம் ஷீட் கனத்தைவிட ஒல்லியா இருக்கக் கூடாது, அது போதும்.

ஒரே ஒரு விஷயம். பின்னாடி வெள்ளை அக்ரிலிக் (லைட் ஊடுருவற பிளாஸ்டிக் ஷீட்) வைக்கறதா இருந்தா பாலமே தேவையில்ல, உள் துண்டை அக்ரிலிக் மேலயே ஒட்டிடலாம். அப்போ ஸ்டென்சில் வெறும் அழகுக்குத்தான். அக்ரிலிக் இல்லாம எழுத்து வடிவ ஓட்டை வழியா நேரா லைட் வர்றதா இருந்தாதான் பாலம் கட்டாயம். அதனால முதல்ல அக்ரிலிக் உண்டா இல்லையான்னு கேளுங்க, அதுக்கப்புறம் ஃபான்ட் பேசுங்க. பசை வெயில்ல விட்டுடுமான்னு கேப்பீங்க, மட்டமான பசைன்னா விடும்.

அப்புறம் ஃப்ரீ ஃபான்ட்னு எடுத்தீங்களே, கூட வந்த டெக்ஸ்ட் ஃபைலை படிச்சீங்களா? பர்சனல் யூஸ்னு போட்டிருந்தா கடை போர்டுக்கு ஆகாது, காசு கட்டணும். ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ்னா தாராளமா போடலாம். பென்டிரைவ்ல ஆயிரக்கணக்குல ஃபான்ட் தர்றேன் லைசன்ஸோட வருதுன்னு ஒருத்தன் வருவான், நம்பாதீங்க.

இதைவிட பெரிய தலைவலி, இங்க போர்டுல 60 சதவீதம் கன்னடம் இருக்கணும். டேப் வச்சு அளக்க ஆள் வரும், கன்னடத்துல நல்ல ஸ்டென்சில் எங்க கிடைக்கும்னு கேட்டா மட்டும் எவனும் வாய் திறக்க மாட்டான். ஃபான்ட் டிசைன் பண்ற மும்பை ஏக் டைப் ஆளுங்க பண்ணின பாலூ தம்மாங்கற கன்னட ஃபான்ட்டை எடுத்துக்கோங்க, உருண்டையா இருக்கும், ஓப்பன் லைசன்ஸ்தான். நம்ம தமிழுக்கு பாலூ தம்பி, கன்னடத்துல தம்மன்னாலும் தம்பிதான். ஆனா அது ஸ்டென்சில் இல்ல. கன்னடத்துல போண்டா எழுதும்போது நடுவுல குட்டி வட்டம் வரும்ல, அதோட நடுப்பகுதி விழுந்துடும், அங்க நீங்களே ரெண்டு பாலம் போடணும். பேப்பர்ல பெருசா பிரிண்ட் எடுத்து கருப்பு எல்லாத்தையும் பிளேடால வெட்டிப் பாருங்க, எந்த வெள்ளைத் துண்டு கையோட வருதோ அதுதான் இரும்புலயும் விழும்.