முள்ளிலைப் புதர், பின்பருவப் பூ: கேள்வி-பதில்

கே: ஹாலி என்று சொல்லித் தந்த செடி. இலையில் முள்ளும் இருக்கிறது. ஆனால் அக்டோபரில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூத்து மணக்கிறது. இது என்ன செடி?

ப: ஆஸ்மாந்தஸ் ஹெட்டரோஃபில்லஸ். ஜப்பான், தைவான் பகுதிப் புதர். மல்லிகை, ஆலிவ் குடும்பத்தைச் சேர்ந்தது. முள்ளை விட்டுவிட்டுக் கணுவைப் பாருங்கள். ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிரே இருந்தால் ஆஸ்மாந்தஸ். ஒவ்வொன்றாக மாறி மாறி வந்தால் ஹாலி. பூவும் இலைக்காம்பின் அடியில் கொத்தாக இருக்கும், நான்கு இதழ்களும் பின்பக்கம் வளைந்திருக்கும். ஹாலி வசந்தத்தின் கடைசியில் பூத்துப் பெரும்பாலும் சிவப்பாகப் பழுக்கும். இதன் பழம் கருநீலம், அதுவும் அபூர்வம்.

வயதான செடியின் உச்சிக் கிளைகளில் முள் குறைந்து நுனியில் ஒன்று மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்து வேறு செடி என்று எண்ணிவிட வேண்டாம்.

கே: நன்றாக வளர்கிறது, பூ மட்டும் இல்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் வேலிபோல் வெட்டிச் சீராக்குகிறேன்.

ப: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வட அரைக்கோளத்தில் இது பூப்பது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. கோடைக் கடைசியில் கத்தரி வைத்தால் பூக்க வேண்டிய கிளைகள்தான் போகும். கவாத்தை ஏப்ரலில், புதுக் கொழுந்து விடும் சமயத்தில் முடித்துவிடுங்கள். அதன்பின் துருத்தும் ஓரிரு கிளையை மட்டும் தொடலாம். அடர்ந்த நிழலும் தழைச்சத்து மிகுந்த புல்வெளி உரமும் பூவைக் குறைக்கும். வேலியை ஒட்டிப் புல்வெளி இருந்தால் அதையும் கவனியுங்கள். சின்னச் செடி என்றால் பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை, மெதுவாக வளரும் இனம் இது.

கே: குளிர்காலம் முடிந்ததும் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் விளிம்பில் கருகியிருக்கின்றன. உறைபனியா?

ப: ஒரு பக்கம் மட்டும் என்றால் காற்று. மண் உறைந்திருக்கும்போது வேரால் நீர் எடுக்க முடியாது. வறண்ட குளிர்காற்றோ இலையிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். செடி செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் வசந்தத்தில் துளிர்க்கும். உறைபனிக்கு முன் நன்றாக நீர் ஊற்றி, 5 முதல் 7 செ.மீ. தடிமனில் மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். நன்கு வேர் பிடித்த செடி −10 டிகிரியைத் தாங்கும். தொட்டிச் செடியின் வேர் அவ்வளவு தாங்காது. தொட்டியைச் சுவரோரம் நகர்த்திச் சாக்கு சுற்றுங்கள்.

இரு பக்கமும் வாடி, மண்ணும் ஈரமாகவே இருந்தால் அது வேறு கதை: நீர் தேங்கி வேர் அழுகுகிறது. வடிகால் சரிசெய்யாமல் மறுபடி அங்கேயே நடாதீர்கள்.

கே: குச்சி வெட்டி நட்டால் வேர் பிடிக்குமா?

ப: பிடிக்கும், நிதானமாக. கோடைக் கடைசியில், அடி முற்றி நுனி இளசாக இருக்கும் 8 முதல் 10 செ.மீ. குச்சியை ஒரு கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, மட்கிய உரமும் பெர்லைட் என்னும் இலேசான வெண்துகளும் சரிபாதி கலந்த கலவையில் நட்டு பாலித்தீனால் மூடுங்கள். அடிச்சூடு 20 டிகிரி இருந்தால் நல்லது. வேர் வர மாதக்கணக்கில் ஆகலாம். இழுத்துப் பார்க்கும் ஆசைதான் முதல் எதிரி. ஒன்றிரண்டு செடி போதும் என்றால் தாழ்ந்த கிளையைப் பதியன் போடுவதே மேல்.

கே: ‘கோஷிகி’ என்னும் பல வண்ண இலை ஆஸ்மாந்தஸ் ரகத்தில் முழுப் பச்சையாக ஒரு கிளை வந்திருக்கிறது. விடலாமா?

ப: கூடாது. பச்சைக் கிளை வேகமாக வளர்ந்து வண்ண இலைகளை அமுக்கிவிடும். கிளை பிரியும் இடத்திலேயே இப்போதே வெட்டுங்கள். இதற்கு மாதம் பார்க்க வேண்டாம்.

கே: அக்டோபர், நவம்பரில் வேலிப் பக்கம் நல்ல மணம், பூவே கண்ணில் படவில்லை. இலையின் அடிப்புறம் வெள்ளி நிறம்.

ப: இது வேறொரு புதர், எலியாக்னஸ். ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள்: இலைக்கடியில் தலைகீழாகத் தொங்கும் பால்வெள்ளைக் குழல் பூக்கள், அவற்றின்மேலும் வெள்ளிச் செதில்கள். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் மெலிந்த மண்ணிலும் வரும்; தழைச்சத்து உரம் போட வேண்டியதில்லை.