சித்திரையில் வெண்ணாறு நிறைந்து ஓடினால்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம், வயது 27, வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். சித்திரையில் ஒரு நாள் விடியற்காலையில், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் நிற்பது போல் கனவு. வெண்ணாறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. 'இந்த மாசத்துல ஏது தண்ணி, அப்ப இது கனவுதானே' என்று கனவுக்குள்ளேயே தோன்றியது. சந்தோஷத்தில் கத்தினேன், உடனே விழிப்பு வந்துவிட்டது. இதற்கு லூசிட் ட்ரீமிங் என்று பெயர், பழகினால் வரவழைக்கலாம் என்று யூடியூபில் பார்த்தேன். மூன்று வாரமாக ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் அலாரம் வைத்து எழுகிறேன். ஒன்றும் வரவில்லை, பகலில் மெஷினில் உட்கார்ந்தால் கண்ணைச் சொக்குகிறது. அம்மா வேறு, 'கனவுல அலையப் போனா உசுரு திரும்பி வராது' என்கிறார். இதை எப்படித்தான் கற்றுக்கொள்வது?

பதில்: முதல் வேலையாக அந்த இரண்டு அலாரத்தையும் எடுத்துவிடுங்கள். ஓடுகிற ஊசிக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பிழைப்பவர் நீங்கள், தூக்கக் கலக்கத்தோடு மெஷினில் உட்காரவே கூடாது.

அதோடு, அலாரம் வைத்து நீங்கள் அறுத்துக்கொண்டிருப்பது கனவு வருகிற நேரத்தையேதான். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது, ராத்திரியின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், கண்மணிகள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடும் கனவுத் தூக்கம் விடிய விடியத்தான் நீளும். 'விடியக்காலைக் கனவு பலிக்கும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். பலிப்பது இருக்கட்டும், அந்த நேரத்துக் கனவுதான் நீளமாகவும் அழுத்தமாகவும் இருக்கிறது என்பதை நம் பெரியவர்கள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். உங்களுக்கு வந்ததும் விடியற்காலையில்தானே! அதனால் பத்து மணிக்குப் படுத்து ஆறு மணி வரை முழுசாகத் தூங்குங்கள். தூக்கம் நிறைந்தால்தான் கனவுக்கு இடம் கிடைக்கும்.

அடுத்தது நினைவு. கண்ட கனவே ஞாபகத்தில் நிற்காதபோது, அதற்குள் விழித்துக்கொண்டாலும் காலையில் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தூக்கம் கலைந்ததும் புரண்டு படுக்காதீர்கள், போனை எடுக்காதீர்கள், கண்ணை மூடியபடியே 'இப்போது எங்கே இருந்தேன், யார் கூட இருந்தார்கள்' என்று பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே போங்கள். ஒரு நுனி கிடைத்தால் மீதி வந்துவிடும். அப்புறம் தலைமாட்டில் வைத்திருக்கும் நோட்டில் நாலு வரி, தேதியோடு. எழுதியதும் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொல்லுங்கள். இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். பூம்புகாரில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொன்ன காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கும் பழக்கம் இது, வாயால் சொன்ன கனவு மனசில் நிற்கும். தினமும் காலையில் நீங்கள் நல்லபடி எழுந்து வந்து கதை சொல்வதைப் பார்த்தால் அம்மாவின் பயமும் தானாகக் குறையும்.

அம்மாவின் பயத்துக்கு நேர்ப் பதிலும் இருக்கிறது. கனவுத் தூக்கத்தில் மூளை கைகால் தசைகளைக் கட்டிப்போட்டுவிடும், மூச்சும் கண் அசைவும் மட்டும் நடக்கும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதை வைத்துத்தான் சோதித்தார். 'கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும்' என்று முன்பே பேசிவைத்து ஒருவரைத் தூங்கவிட்டார்கள். அவர் தூங்கிக்கொண்டேதான் இருந்தார் என்று மூளைப் பதிவு காட்டியது, கண்ணோ சொன்னபடி அசைந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதையே காட்டினார். உயிர் எங்கும் போவதில்லை, அவரவர் பாயில்தான் இருக்கிறது. எப்போதாவது விழித்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள். ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அது இந்தத் தசைக்கட்டு அவிழக் கொஞ்சம் தாமதமாவதுதான். மூச்சைக் கவனித்துக்கொண்டு சும்மா கிடந்தால் போய்விடும்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். 'இது கனவு' என்று காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்றைப் பலர் மாதக்கணக்கில் நோட்டு எழுதித் தேடுகிறார்கள், உங்கள் கையில் அது இப்போதே இருக்கிறது: காய்ந்து கிடக்க வேண்டிய ஆற்றில் தண்ணீர். பகலில் ஆற்றையோ வாய்க்காலையோ தாண்டும்போதெல்லாம் நின்று, 'இது கனவா?' என்று நிஜமாகவே சந்தேகப்பட்டுக் கேளுங்கள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். நிஜத்தில் முடியாது, கனவில் பெரும்பாலும் தாராளமாக வரும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை போதும், ஆனால் ஒப்புக்குச் செய்தால் கனவிலும் ஒப்புக்குச் செய்துவிட்டு 'நிஜம்தான்' என்று நடந்து போய்விடுவீர்கள். எனக்கு முதல் இரண்டு மாதம் அப்படித்தான் போனது.

வேலை குறைவாக இருக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி, வாரத்தில் ஒரு தடவை மட்டும் அலாரம் வைக்கலாம். பத்துக்குப் படுத்தால் மூன்றரைக்கு. எழுந்து தண்ணீர் குடித்து, பெரிய விளக்கைப் போடாமல், நோட்டைப் புரட்டிக்கொண்டு இருபது நிமிடம் உட்காருங்கள். மறுபடி படுத்ததும் கடைசியாக வந்த கனவை மனசில் ஓட்டி, அதில் விசித்திரமாக இருந்த இடத்தில் 'இது கனவு' என்று கண்டுபிடிப்பதாகக் கற்பனை செய்யுங்கள். 'அடுத்த கனவில் இது கனவென்று எனக்கு ஞாபகம் வரும்' என்று அர்த்தத்தோடு சொல்லிக்கொண்டே தூங்கிவிடுங்கள். முகூர்த்த பிளவுஸை வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும் என்று மனசில் முடிச்சுப் போட்டு வைப்பீர்களே, அதே வேலைதான், மந்திரம் மாதிரி முணுமுணுத்தால் நடக்காது. இது லபெர்ஜ் வகுத்த முறை, நான் செய்து பார்த்ததில் பலித்ததும் இதுதான். படுத்த பிறகு அரை மணி நேரம் தூக்கம் வரவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். இதற்கென்று விற்கும் மாத்திரைகள் எதையும் வாங்காதீர்கள். குரல் கேட்பது, எது நிஜம் எது நினைப்பு என்று குழம்புவது போன்ற தொல்லை எப்போதாவது உங்களுக்கு இருந்திருந்தால், மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.

கனவென்று தெரிந்ததும் கத்தாதீர்கள், பறக்கவும் பார்க்காதீர்கள். அந்தப் பரபரப்புதான் போன தடவை உங்களை எழுப்பியது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேயுங்கள், குனிந்து கரை மண்ணை அள்ளிப் பாருங்கள், தண்ணீரில் காலை வையுங்கள். கையும் காலும் கனவுக்குள்ளேயே வேலையாக இருந்தால் கனவு கொஞ்ச நேரம் நிற்கும். முதல் தடவைக்கு அரை நிமிடம் நின்றாலே அது பெரிய விஷயம்.

இன்னொன்று. அணையில் இருப்பு இருந்தால் வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்கள், சில நாளில் கல்லணைக்கு வந்து வெண்ணாற்றில் இறங்கும், அப்புறம் உங்கள் ஊரில் தண்ணீர் ஓடுவது நிஜமாகிவிடும். அதற்குள் நோட்டில் வேறு அடையாளங்கள் சேர்ந்திருக்கும், பழைய பள்ளிக்கூடமோ, தைத்தும் முடியாத துணியோ, ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். எது அதிகம் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு கழிந்ததும் எது வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.